படத்தில் கல் தெரியாது

அந்தப் பலகையை நட்ட அன்றே டாக்சியை ஏற்றிச் சாய்த்திருக்க வேண்டும். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவது என் தொழில். அதனால் தினமும் நான்கு முறை அதைக் கடக்கிறேன். ‘உலகிலேயே மகிழ்ச்சியான நாட்டின் மகிழ்ச்சியான ஊர், முஸ்தலம்பி உங்களை வரவேற்கிறது.’ கீழே மஞ்சளாக ஒரு சிரிக்கும் சூரியன். நவம்பர் மாதத்தில் இந்த ஊரில் சூரியனைப் பார்த்தவன் எவனென்று தெரியவில்லை.

பின்லாந்துக்கு முதலிடம் எப்படி வருகிறது என்பது எனக்குத் தெரியும். எனக்கே ஒரு முறை போன் வந்தது. ஓர் ஏணி, பத்துப் படி, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அப்போது என் கணவரைப் புதைத்து இரண்டு மாதம். மூன்று நாளாகக் காப்பியும் ரொட்டியும் தவிர வாயில் எதுவும் இறங்கவில்லை. “எட்டு” என்றேன். முகம் தெரியாத ஒருத்தியிடம் இரண்டு என்று சொல்லி அவள் மனதையும் எதற்குக் கெடுக்க வேண்டும்? இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு நம்மைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். கடுப்பாக வருகிறது.

என் தம்பி தைஸ்தோ ஏரிக்கு அக்கரையில் இருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு மாடு வைத்திருந்தான். சின்னப் பண்ணைக்கெல்லாம் இனி பால் லாரி வராது என்று சொல்லிவிட்டார்கள். நவம்பரில் மாடுகளை விற்றான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் என் சமையலறை ஜன்னலிலிருந்து அவனுடைய சௌனாவின், அதாவது விறகடுப்பில் கல்லைக் காயவைத்து வியர்த்துக் குளிக்கும் அறையின், புகைபோக்கி தெரியும். சனிக்கிழமை மூன்று மணிக்கு அதில் புகை கிளம்பும். எங்கள் அப்பா செத்த வாரத்தில்கூடக் கிளம்பியது. சனிக்கிழமை சௌனாவைச் சூடாக்காத மனிதனை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. டிசம்பர் முழுக்க நான் ஊரில் இல்லை; திரும்பி வந்து பார்த்தால், ஜனவரியில் நான்கு சனிக்கிழமை புகை வரவில்லை. ஐந்தாவது சனிக்கிழமையும் வரவில்லை.

திங்கட்கிழமை அவனை டாக்சியில் தூக்கிப் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். நான் உள்ளே போகவில்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாதாம், அப்படித்தானே வளர்ந்தோம். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தான்.

“என்னடா கேட்டாங்க?”

“பத்துக்கு எத்தனைன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“எட்டு.”

“எட்டா? டேய், நீ தலை சீவி எத்தனை நாளாச்சு?”

“ஒண்ணும் சொல்றதுக்கில்லக்கா. நல்லாத்தான் இருக்கேன். வீட்டுல கொண்டுபோய் விடு.”

கொண்டுபோய் விட்டேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை மதியம். பாத்திரம் கழுவிக்கொண்டே நிமிர்ந்தால், அக்கரையில் புகை! வெள்ளையாகத் திரண்டு, மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. வியாழனாக இருந்தால் என்ன, புகை புகைதானே? எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாசேஜ் ஒரு வளையமும் இரண்டு பீரும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, காலால் உந்தித் தள்ளும் சறுக்குவண்டியில் ஏறி, உறைந்த ஏரியின் குறுக்கே பறந்தேன். அறுபத்து மூன்று வயதில் அப்படிப் போவதை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

சௌனா வாசலில் தைஸ்தோ இடுப்பில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தான். குளிர் மைனஸ் எட்டு. உதடு நீலம் பாரித்திருந்தது. எதிரே கேமராவோடு ஒருத்தி. பக்கத்தில் சந்தேரி, நகராட்சியின் வளர்ச்சி மேலாளர், அந்தப் பலகையைப் பெற்ற மகராசன்.

“இன்னும் கொஞ்சம் சிரிங்க. வாய் மட்டும் சிரிக்குது, கண்ணும் சிரிக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் யாரையும் பார்க்காமல் உள்ளே போனேன். அடுப்புக்கு மேல் அடுக்கியிருந்த கற்களில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தன.

“யாரு மூட்டினது இதை?”

“நான்தான்” என்றான் சந்தேரி, ஏதோ பரிசு கேட்கிறவன் போல. “முதல்ல புகையே சரியா வரல. ஈர வைக்கோல் கொஞ்சம் போட்டேன், பாருங்க, எவ்வளவு அழகா வருது.”

“கல்லு சூடே ஆகலையேப்பா.”

“படத்துல கல்லு தெரியாதே.”

அவனை என்ன செய்வது? சாசேஜ் வளையத்தை அவன் கழுத்தில் போட்டு இறுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. “எடுத்த வரைக்கும் போதும், இடத்தைக் காலி பண்ணு” என்றேன். “இல்ல, மேடம், அடுத்த வருஷம் வெளிநாட்டுலேர்ந்து ஆளுங்க வருவாங்க, நம்ம சந்தோஷத்தைப் பார்க்க...” என்று ஆரம்பித்தான்.

“நம்ம சந்தோஷமா? இவன் பேரு என்னன்னு தெரியுமா உனக்கு?”

பேப்பரைப் புரட்டிப் பார்த்தான். நான் வெளியே வந்து சறுக்குவண்டியை அவன் முழங்காலைப் பார்த்து உந்தினேன். போய்விட்டார்கள்.

தைஸ்தோ நடுங்கிக்கொண்டே சட்டையை மாட்டினான். “எதுக்குக்கா கத்தற? பாவம், அவன் வேலைய அவன் செய்யறான்.”

“நீ எதுக்குடா சம்மதிச்ச?”

“கேட்டான். மாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

“சரி, அடுப்புதான் எரியுதே, நல்ல விறகாப் போட்டுச் சூடு பண்ணுவோமா? சாசேஜ் கொண்டாந்திருக்கேன்.”

“அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். வீட்டுக்கு அல்ல, காலி மாட்டுக்கொட்டகைக்கு. நானும் பின்னாலேயே போனேன். ஒரு முக்காலி, அதில் ஒரு கம்பளி, கீழே காப்பிக் கோப்பைகள். காலை ஐந்து மணிக்கு எழுந்து அங்கே போய் உட்கார்ந்துகொள்வது அவன் வழக்கமாகியிருந்தது. உத்தரத்தில் கயிறு ஒன்று கட்டியிருந்தது. அது மாட்டைக் கட்டும் உயரத்தில் இல்லை. அதை நான் பார்த்ததை அவனும் பார்த்தான். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கயிற்றை அவிழ்த்து என் பையில் திணித்துக்கொண்டேன்.

அன்று அவன் வீட்டு சோபாவில்தான் படுத்தேன். மறுநாள், “வண்டியில ஏறு. ஏறலேன்னா உன் சமையலறையிலேயே நிரந்தரமா குடிவந்துடுவேன், தினமும் பேசுவேன்” என்று மிரட்டினேன். அந்த மிரட்டலுக்குப் பயப்படாத ஆண் இந்த ஊரில் கிடையாது. ஏறினான்.

சுகாதார நிலையத்தில், போன முறை அவனைக் கேள்வி கேட்ட அதே நர்ஸ், வென்லா. முப்பது வயது இருக்கும், நல்ல பெண்தான். “அட, நீங்களா? சந்தேரி இப்பத்தான் படம் அனுப்பினார். எங்க சுவர்ல மாட்டணுமாம். என்னமா சிரிக்கறீங்க!” என்றாள். இந்த முறை நானும் உள்ளே நுழைந்தேன். தைஸ்தோ என்னை முறைத்தான். முறைக்கட்டும்.

“பத்துக்கு எத்தனை சொல்லுவீங்க?” விரல்கள் தட்டச்சுப் பலகையில் தயாராக இருந்தன.

“எட்டு” என்றான் தைஸ்தோ. அவளும் அடித்துவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கயிற்றைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முன்னால், அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாக்கு எழவில்லை. வேறு ஒன்று வந்தது.

“இவன்கிட்ட நம்பர் கேட்காதம்மா. கடைசியா சௌனா எப்ப போட்டான்னு கேளு.”

வென்லா திரும்பி அவனைப் பார்த்தாள். “எப்பங்க?”

அவன் தரையைப் பார்த்தான். “நவம்பர்ல.”

அவள் கைகள் பலகையிலிருந்து இறங்கின. அவளும் இந்த ஊர்ப் பெண்தானே.

“கிறிஸ்துமஸ் அன்னைக்கு?”

“இல்ல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிறிஸ்துமஸுக்கு நான் மகள் வீட்டில் இருந்தேன், தாம்பெரே நகரத்தில். அங்கிருந்து போன் செய்தேன்.

“டேய், நான் கேட்டேனேடா. சௌனா ஆச்சான்னு கேட்டேனே? நல்ல சூடுன்னு சொன்னியே?”

“சொன்னேன்.”

“ஏன்டா?”

“நீ பேரப்பிள்ளைங்களோட இருந்த” என்றான். “உன் மனச எதுக்குக் கெடுக்கணும்.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயசுக்குப் பிறகு பிடித்ததே இல்லை. அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

வென்லா திரையிலிருந்த எட்டை அழித்தாள். வேறு எண் எதுவும் போடவில்லை. எழுந்து போய் டாக்டரைக் கையோடு கூட்டி வந்தாள்.