சரிபார்க்க வந்தவர்

மொழியியல்காரர்களுக்கு அடிப்பதென்றால் அலாதிப் பிரியம். நிஜத்தில் ஒரு கொசுவைக்கூட அடிக்கமாட்டார்கள், காகிதத்தில் மட்டும் கை ஓயாது. புது மொழி ஒன்று கிடைத்ததும் ‘நான் உன்னை அடித்தேன்’, ‘அவன் என்னை அடித்தான்’ என்பதற்கெல்லாம் என்ன சொல்வீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அடிக்க ஒருவர், அடிவாங்க ஒருவர் இருந்தால் போதும், வினைச்சொல்லின் குணம் தெரிந்துவிடும். பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசும் வெளிநாட்டு நகரம் ஒன்றின் டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் வெகுகாலமாகப் பேராசிரியையாக இருக்கும் அனுசூயாவும் இந்தப் பழக்கத்துக்கு விலக்கல்ல.

அவள் எழுதிக்கொண்டிருந்தது சிக்கிமில் லிம்பு மொழி படிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கான இலக்கணம். வினைச்சொல் பகுதிதான் பாக்கி. லிம்பு வினை பொல்லாதது. யார் செய்தார், யாருக்குச் செய்தார், எத்தனை பேர் என்பதையெல்லாம் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கும். சென்னைக்காரியான அனுசூயா புத்தகங்களை வைத்தே அதை ஓரளவு பேசவும் கற்றிருந்தாள். ஆனால் உதாரண வாக்கியங்களுக்கு அந்த மொழியில் பிறந்து வளர்ந்த ஒரு வாய் வேண்டுமே! தேடி அலைந்து கிடைத்தவள்தான் புங்மா.

புங்மா, சிக்கிமிலிருந்து கணவன் ஸ்பான்சர் செய்து அழைத்துவந்த பெண். அதே நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தாள். ஆங்கிலமும் வராது, பிரெஞ்சும் வராது, இந்தி கொஞ்சம் வரும். செவ்வாய்தோறும் கணவனே அவளைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, முடியும்வரை வெளியே நடையில் உட்கார்ந்திருப்பான். என்ன அக்கறையான மனுஷன் என்று அனுசூயா வீட்டில் சொல்லிச் சொல்லி வியந்திருக்கிறாள்.

உள்ளே மைக்கை வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க" என்பாள் அனுசூயா. புங்மா யோசித்து ஒரு வாக்கியம் சொல்வாள். "ரொம்ப நல்லது. அடுத்தது." இப்படியே போகும். ‘நீ என்னை அடித்தாய்’ என்பதை மட்டும் புங்மா சொல்லவே மாட்டேன் என்றாள். "உங்க முகத்தைப் பாத்து அதை எப்படிச் சொல்றது? நீங்க எனக்கு என்ன கெடுதல் செஞ்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

ஒலிப்பதிவுகளை வெட்டி, மொழிபெயர்ப்போடு ஒழுங்கு செய்தவள் நிரோஜா, ஆராய்ச்சி மாணவி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒரு மத்தியானம் அவள் கதவைச் சாத்திவிட்டு அனுசூயாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மிஸ், ஒண்டு சொல்ல வேணும். ‘குடு’, ‘பார்’, ‘கூப்பிடு’, எல்லாத்துக்கும் இந்த அக்கா நாய், அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் எண்டு விதம்விதமாச் சொல்லுறா. ‘அடி’க்கு மட்டும் ஒரே ஆள்தான் வாறார். ‘அவன் என்னை பெல்ட்டாலை அடிச்சான். பிள்ளை நித்திரை கொள்ளேக்கை அடிச்சான். இண்டைக்கும் அடிப்பான்.’ இது உதாரணம் இல்லை மிஸ். இது நடக்குது."

அனுசூயா சிரித்தாள். "உலகத்துல எந்த இலக்கணத்தை வேணா எடுத்துப் பாரும்மா. எல்லாரும் எல்லாரையும் அடிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. இவங்க வாக்கியம் எவ்வளவு இயல்பா இருக்கு பாரு!"

"ஒவ்வொரு தரமும் சொல்லிப்போட்டு அவா கொஞ்சநேரம் பேசாமல் இருக்கிறா. உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறா போலை. நீங்கள் ‘ரொம்ப நல்லது’ எண்டுறியள். அவவைத் தனிய வைச்சு ஒருக்காக் கேளுங்கோ மிஸ்."

"அடுத்தவங்க வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்கிறது நாகரிகம் இல்ல, நிரோஜா."

நாகரிகமாம்! ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? ஆனால் அனுசூயாவின் தலைக்குள் அப்போது வேறு கவலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒருவர் சொன்னதை நம்பி அச்சுக்கு அனுப்பக் கூடாது, அதே மொழி பேசும் இன்னொருவர் கேட்டுச் சரி என்று சொல்லவேண்டும். அது அந்தத் தொழிலின் ஒழுக்கம், அதில் அவள் மகா கண்டிப்பு. இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த இன்னொரு லிம்புக்காரன், செவ்வாய்தோறும் வெளியே நடையில் உட்கார்ந்திருக்கும் கணவன்தான். அவனிடமே போட்டுக் காட்டிவிடலாம் என்றாள்.

"அந்தாளிட்டையோ?" நிரோஜா எழுந்தே விட்டாள். "வேண்டாம் மிஸ், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அவவை அடிச்சே கொண்டுபோடுவான்."

"வேற ஆளுக்கு எங்க போறது? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை புத்தகம் போயாகணும்," என்றாள் அனுசூயா.

அடுத்த செவ்வாய், புங்மாவை நூலகத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அவனை உள்ளே அழைத்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவன் அடக்கமாக உட்கார்ந்தான். மனைவியின் குரலில் ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் "சரி மேடம்" என்றான். பெல்ட் வந்த இடத்தில் மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னான். அனுசூயாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "தப்பா நினைக்காதீங்க, இதெல்லாம் சும்மா இலக்கண உதாரணம்" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். "பிழையே இல்லை மேடம். நல்லா பேசியிருக்கிறாள்" என்று ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுருட்டி, மேஜைமேல் வைத்தான்.

புத்தகம் வெள்ளிக்கிழமை சொன்னபடி போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை புங்மா வரவில்லை. புதன்கிழமை காலையில் போலீஸ் கூப்பிட்டது.

மருத்துவமனையில் றொக்சன் என்ற போலீஸ்காரி காத்திருந்தாள். புங்மாவுக்கு மொழிபெயர்க்க ஊரில் வேறு யாரும் அகப்படவில்லையாம். பிள்ளையை அரசாங்க ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். போலீஸ் பிடித்து வைத்திருந்த கணவனோ, அவள் படியில் விழுந்தாள் என்று சாதித்தான்.

"என்னிடம் ஒலிப்பதிவு இருக்கிறது. எல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள்" என்று அனுசூயா பிரெஞ்சில் படபடத்தாள்.

"அதையும் அவன் சொல்லிவிட்டான். அதெல்லாம் இலக்கண உதாரணம் என்று பேராசிரியையே சொன்னாராம்," என்றாள் றொக்சன். "அவள் வாயால் ஒரு வார்த்தை வந்தால்தான் வழக்கு நிற்கும். இல்லையென்றால் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான்."

 அனுசூயா கட்டிலருகே போனாள். புங்மாவின் முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. மிச்சப் பாதியைப் பார்க்க அனுசூயாவால் முடியவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. நிரோஜா கும்பிட்டது ஞாபகம் வந்தது. குனிந்து, தான் படித்துத் தெரிந்துகொண்ட லிம்புவில் கேட்டாள்.

"யார் உன்னை அடித்தது?"

புங்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, மைக் முன்னால் சொல்வாளே, அதேபோல நிதானமாக, தெளிவாகச் சொன்னாள்.

"நீ என்னை அடித்தாய்."

‘ரொம்ப நல்லது’ என்ற சொல், பழக்க தோஷத்தில், அனுசூயாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொன்னாள்?" றொக்சன் பேனாவைத் தயாராக வைத்திருந்தாள்.

"நான்தான் அடித்தேன் என்கிறாள்."

போலீஸ்காரி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேறு ஏதாவது சொல்கிறாளா என்று கேளுங்கள்."

அனுசூயா கேட்டாள். லிம்புவில் கேட்டாள், இந்தியில் கேட்டாள், கையைப் பிடித்துக் கெஞ்சினாள். புங்மா கையை விடுவித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்த மொழியிலும் வாயைத் திறக்கவில்லை.