மூன்றாவது உபசாரம்

கராமத் தேநீரைத் தட்டில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து நிதானமாக உறிஞ்சினார். சுவரோரம் இருந்த மருமகள் மஹ்லிகா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டை கட்டியாயிற்று. அண்ணன் குபாத்தின் வண்டி வாசலில் நிற்கிறது. மலைமேல் மேகம் இறங்கிவிட்டது. இன்று கணவாயைத் தாண்டாவிட்டால் பனி உருகும்வரை இந்த ஊரைவிட்டு ஈ, காக்கைகூட வெளியேறாது. உருகியதும் கொழுந்தனுக்கு அவளைக் கட்டிவைப்பதாக மாமனார் பேச்சு. புருஷன் போன துக்கமே இன்னும் ஆறவில்லை. கொழுந்தனோ, அவள் வாழவந்தபோது மூக்கொழுகித் திரிந்த பயல். எத்தனை நாள் முகம் கழுவிவிட்டிருப்பாள்!

"அவ பிரியம்தான் தம்பி," என்றார் கராமத், எதிரில் இருந்த குபாத்திடம். "அம்மாடி, அண்ணன் வந்திருக்கான். போறதுன்னா போ."

அவளுக்கு நெஞ்சு துள்ளியது. ஆனால் கேட்டதும் சரி என்று எந்த மானமுள்ள பெண் சொல்வாள்? ஊர் வழக்கப்படி கொடுப்பவர் மூன்று முறை சொல்லவேண்டும், வாங்குபவர் இரண்டு முறை மறுக்கவேண்டும். நல்ல ஊர், நல்ல மரியாதை.

"உங்கள விட்டுட்டு எங்க மாமா போவேன்?"

"அப்படிச் சொல்லாத. பொறந்த வீட்டுக்குத்தானே போற."

"இதுதான் மாமா என் வீடு," என்றாள். இன்னும் ஒரே ஒரு தரம் அவர் சொன்னால் போதும், 'உங்க இஷ்டம் மாமா' என்று எழுந்துவிடலாம்.

இனித் தேநீர் போதும் என்பதற்கு அடையாளமாகக் கராமத் கிளாஸைச் சாய்த்து வைத்தார். "கேட்டியா தம்பி? அவ வாயாலயே சொல்லிட்டா. நான் என்ன பண்ண?"

குபாத் தங்கையைப் பார்த்தான். பெரியவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் தேநீரையும் குடித்துவிட்டு, இன்னொரு தரம் கேளுங்கள் என்பதா? பாவி மனுஷன், எழுந்தேவிட்டான். கிழவருக்கு வயதாகிவிட்டது, மூன்றாம் தரம் சொல்ல மறந்திருப்பார் என்றுகூட மஹ்லிகா நினைத்துப் பார்த்தாள்.

"ராத்திரி சாப்பிட்டுட்டுப் போ தம்பி," என்றார் கராமத்.

"இல்ல மாமா, பனி வருது."

"கணவாய் எங்க ஓடிப்போகுது? ஒரு வாய் சாப்பிடு."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

வாசல்வரை கூடவே போய் அவன் தோளைப் பிடித்தார். "என் தலைமேல ஆணை, சாப்பிட்டுத்தான் போகணும்."

உள்ளே மஹ்லிகா எண்ணிப் பார்த்தாள்: மூன்று தரம். கிழவருக்கு ஒன்றும் மறக்கவில்லை.

"மன்னிச்சுடுங்க மாமா," என்று குபாத் அவர் கையைப் பற்றிக்கொண்டு சொல்வது கேட்டது. பிறகு வண்டி கிளம்பும் சத்தம்.

அண்ணன் எழுந்துபோன இடத்தில் கொழுந்தன் வந்து உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தேநீரை ஊற்றி நீட்டினாள். வேண்டாம் என்று ஒரு தரம்கூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டான்.