சந்தனம் வைத்த மூக்கு

மருதாசலத்துக்குக் கருவி என்றால் சாமி. நெய்வேலியில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காகப் பெர்மனென்ட் ஆன நாள் முதல் ஆயுத பூஜையன்று அவர் கையால் பொட்டு வாங்காமல் ஒரு ஸ்பேனர்கூடத் தப்பியதில்லை. வைத்த பொட்டைத் துடைக்கவும் கூடாது, அதுவாக உதிர வேண்டும். பொட்டை அழித்தால் மெஷின் ஆளைக் காவு வாங்கிவிடும் என்பது அவருடைய ஒர்க்‌ஷாப்பில் மேனேஜர் முதல் கான்ட்ராக்ட் ஆள் வரை மீறாத சட்டம்.

போன வருஷப் பூஜைக்கு அவருடைய குவார்ட்டர்ஸில் ஒரு புது விருந்தாளி இருந்தது. தண்ணீரில் எவ்வளவு பிராணவாயு கரைந்திருக்கிறது என்று அளந்து தனக்குள்ளேயே பதிந்துகொள்ளும் கருவி, முழங்கை நீளம் இருக்கும். அதன் நுனியில் இருந்த மெல்லிய வில்லையை எல்லோரும் மூக்கு என்றே சொன்னார்கள்.

கருவி கடல் ஆய்வாளர் அருள்மொழியுடையது. நெய்வேலிப் பக்கத்துத் தண்ணீர்தான் குறிஞ்சிப்பாடி தாண்டிப் போய்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது, அதனால் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் சேர்ந்துதான் அதைக் காக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அப்படித்தான் கழிமுகச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் செந்தாமரையும் மருதாசலமும் ஒரே வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். செந்தாமரை இடம் காட்டுவாள், இவர் கருவியைப் பார்த்துக்கொள்வார்.

அந்தச் சேற்றை மேடாக்கிப் படகுத்துறை கட்ட ஒரு கம்பெனி வந்திருந்தது. அது செத்த தண்ணீர், அதில் ஒன்றும் வாழாது என்று அறிக்கையும் கொடுத்துவிட்டது. இல்லை, உயிருள்ள தண்ணீர்தான் என்று காட்ட ஒரு மழைக்காலம் முழுக்க அளந்த கணக்கு வேண்டும். காட்டாவிட்டால் செந்தாமரைக்குச் சோறு கிடையாது.

பேட்டரி மாற்றத்தான் கருவி நெய்வேலி வந்தது. வந்த இடத்தில் பூஜை. பொரி, கடலைக்கு நடுவே அதை நிறுத்தி, மற்றதற்கெல்லாம் ஒரு விரல் சந்தனம் என்றால் இதற்கு இரண்டு விரலாக அள்ளி, மூக்கின் மேலேயே அப்பிக் குங்குமமும் வைத்தார். ஏழை சனத்துக்காக உழைக்கிற கருவி அல்லவா, கொஞ்சம் கூடவே கும்பிட்டார். மறுநாள் படகில் அதைப் பார்த்த செந்தாமரை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பொட்டு வெச்சி இட்டாந்திருக்கீங்களே சார். இனிமே எங்க ஆத்தாளே பாத்துக்குவா."

பொட்டு கலையாதபடி பதமாகத் தண்ணீரில் இறக்கினார்கள். அப்புறம் பிடித்தது மழை. ஆறு கரை புரண்டதில் யாரும் கிட்டேகூடப் போக முடியவில்லை. தை பிறந்துதான் கருவி மேலே வந்தது. கணக்கை எடுத்த கையோடு ஊருக்கே தெரியும்படி இணையத்தில் போட்டுவிட வேண்டும், ஒளிவு மறைவு கூடாது என்பது அருள்மொழி வைத்த விதி. போட்டாள். பூஜைக்கு அடுத்த வாரமே வரைபடத்தில் பிராணவாயுக் கோடு தரையைத் தொட்டு, கடைசி வரை எழுந்திருக்கவே இல்லை. செத்த தண்ணீர் என்று இவர்கள் கருவியே சாட்சி சொல்லியிருந்தது.

அவள் கருவியைத் தூக்கிக்கொண்டு நேராக மருதாசலம் வீட்டுக்கு வந்தாள். மூக்கின் மேல் பழுப்புப் படலம் வழவழவென்று படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். உள்ளே மஞ்சளும் சிவப்பும் தெரிந்தன.

"சார், இது என்ன?"

"சந்தனமுங்க மேடம். பூஜைக்கு வெச்சனுங்க."

அருள்மொழி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "சந்தனத்துல கிருமி வளந்து அழுகியிருக்கு. அங்க இருந்த காத்தையெல்லாம் அந்த அழுக்கே தின்னுருச்சு. ஆறு நல்லாத்தான் சார் மூச்சு விட்டிருக்கு. நாமதான் மூக்கை அடைச்சிருக்கோம். துடைச்சிட்டு இறக்கியிருக்கலாமே?"

"பொட்டை எப்படிங்க தொடைக்கறது?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் படகுத்துறை பற்றிக் கருத்துக் கேட்பு நடந்தது. மருதாசலம் எழுந்து நின்று, சந்தனம் வைத்தது தான்தான் என்று மைக்கில் சொன்னார். மண்டபமே சிரித்தது. மேடையில் இருந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.

"அப்ப இந்த சீசன் கணக்கையே எடுத்துக்க முடியாது. மிச்சம் கம்பெனி அறிக்கை ஒண்ணுதான் இருக்கு. இனி அதைத்தான் பார்க்கணும்."

செந்தாமரை விடியலில் பிடித்துக் கொண்டுவந்திருந்த இறால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மேடை விளிம்பில் கவிழ்த்தாள். இறால்கள் துள்ளின. அதிகாரி நனையாமல் பைல்களை நகர்த்திக்கொண்டார்.

"இது அங்கதான் புடிச்சதுன்னு எப்படிம்மா எடுத்துக்கறது?"

செந்தாமரை திரும்பி மருதாசலத்தைப் பார்த்தாள். அவர் குனிந்து, துள்ளிய இறால்களைப் பொறுக்கி வாளியில் போட்டார்.

வெளியே வந்ததும் பொறுக்கிய இறாலைக் கொஞ்சம் தண்ணீரோடு பையில் கட்டி அவர் கையில் திணித்தாள்.

"நான் இனிமே இதைத் தூக்கிகினு எந்தத் தெருவுல வித்துகினு கெடக்கறது? வூட்டுல கொழம்பு வைக்கச் சொல்லுங்க சார். செத்த தண்ணியில மொளைச்சது."

அதில் கோபமே இல்லாததுதான் அவரைக் கொன்றது. குள்ளஞ்சாவடியில் பஸ் நின்றபோது மடியில் பை துடித்தது. பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளித்து நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தில் கொட்டினார். எல்லாம் அடங்கியிருந்தன, ஒன்றே ஒன்று மட்டும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. மருதாசலம் வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அடுக்களையிலிருந்து கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, அதை உள்ளே விட்டார்.

"எறாவை வளக்கவா போறீங்க?" என்றாள் மனைவி மலர்விழி.

"உசுரோட இருக்குது மலரு."

குழாய்த் தண்ணீரில் குளோரின் நெடி தூக்கலாக இருந்தது. இறால் ஒரு முறை சுருண்டு நிமிர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தது. அவர் இன்னும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார்.