ஸ்பிட்ஃபயருக்குச் சுற்றிய உப்பு

கன்னியப்பன் ஸ்க்ரூ டிரைவரை வண்டியின் கதவுக்குக் கீழே வைத்து லேசாக அழுத்தினான். குத்தக்கூட இல்லை. பழுத்த பப்பாளிக்குள் போகிற மாதிரி அது பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"சார்," என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துரு இருக்கும் என்று தெரியும். நான் கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர். துருவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஓரங்களில் கொஞ்சம் அரித்திருக்கும், நாலு இடத்தில் தகடு வெட்டி ஒட்டினால் தீர்ந்தது என்று நினைத்துத்தான் கன்னியப்பனைக் கூட்டி வந்திருந்தேன். அவன் ஒரகடம் கூட்டு ரோட்டில் டிங்கரிங் கடை வைத்திருப்பவன். அப்பளமாக நொறுங்கிய லாரி கேபினைப் பார்த்தே "ஆவட்டும் சார், பாத்துக்கலாம்" என்று சொல்லுகிற ஆள். அவன் முகம் செத்துப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட்டு, தலைக்கு மேல் வானம், கரும்பச்சை நிறம். ஒரு காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ரேஸ் டீமில் நான் மெக்கானிக்காக இருந்தேன். டீம் முதலாளி குடும்பத்தோடு அமெரிக்கா போனபோது, "காசிராஜா, இதை உன்னைத் தவிர எவனும் ஒழுங்கா வச்சிக்க மாட்டான்" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தூத்துக்குடியில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவனுக்கு அப்படி ஒரு வண்டி. நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு கிளப் ரேஸில் அதை நானே ஓட்டினேன். மூன்றாவது வளைவில் வண்டி ஒரு குட்டிக்கரணம் போட்டது. எனக்குக் காலில் கம்பி வைத்தார்கள். அந்தக் கதையை நான் சொல்லாத ஆள் கிடையாது. கேன்டீனில், கல்யாண வீட்டில், புதிதாக வேலைக்குச் சேருகிற பையன்களிடம் என்று எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன். "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் நர்ஸ்ட்ட மொதல்ல என்ன கேட்டேன் தெரியுமா? வண்டி எப்படி இருக்குன்னு!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். செல்லக்கனி மட்டும் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

செல்லக்கனி என் மனைவி. என் அத்தை மகள்தான். வல்லம் வடகாலில் சுப்பிரமணி என்பவர் வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதற்குள் வண்டி. கால் கட்டோடு நொண்டி நொண்டியே அதைத் தட்டி நிமிர்த்தினேன். அடுத்த வருடம் ஓட்டிவிட வேண்டும் என்றிருந்தேன். அடுத்த வருடம் காசு இல்லை. அதற்கடுத்த வருடம் டயர் கிடைக்கவில்லை. அப்புறம் கம்பெனி வேலை, ஷிஃப்ட், ஓ.டி., மகள் மாரிசெல்வியின் பள்ளிக்கூடம். ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்துச் சந்தனம் வைப்பதோடு சரி. கீழோரத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏரிப் பக்கம், மழை ஈரம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, மேலே ஒரு கோட் அடித்துவிட்டேன். கம்பெனியில் எவனாவது அப்படிச் செய்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

இப்போது சுப்பிரமணி நிலத்தையும் வீட்டையும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். வண்டியைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டு போவதா, எடைக்குப் போடுவதா? எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. இந்தத் தடவை ஓட்டியே தீருவது என்று இருந்தேன்.

கன்னியப்பன் சீட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். போல்ட்டைத் திருகவே இல்லை. சீட்டைப் பிடித்துத் தூக்கினான், போல்ட்டும் அதைச் சுற்றியிருந்த தகடும் கையோடு வந்துவிட்டன. அடியில் தரை தெரிந்தது. வண்டியின் தரை இல்லை, கொட்டகையின் மண்தரை.

"இன்னா சார் இது," என்று முனகினான். "வெளிய பாத்தா வண்டி. உள்ள ஒண்ணுமே இல்ல. மழைல போட்டாக்கூட இப்டி ஆவாது சார்."

மிச்சமிருந்த இடத்தில் தேங்காய் நார் மிதியடி விரித்திருந்தது. அதை உரித்தான். அடியில் பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ படை படையாக இறுகிக் கிடந்தது. விரலால் சுரண்டினான், நுனி நாக்கில் வைத்தான்.

"உப்பு சார்."

எனக்குப் புரியவில்லை. அவன் கதவின் உள்பலகையைக் கழற்றினான். அங்கேயும் உப்பு. வண்டியின் இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில் பெட்டி மாதிரி ஒரு பாகம் ஓடும், வண்டியின் பாடியைத் தாங்குவதே அதுதான். அதைத் தட்டினான். உள்ளிருந்து ஈர உப்பும் துருப்பொடியும் சேர்ந்து சேறாக வழிந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அமாவாசைக்கு அமாவாசை செல்லக்கனி ஒரு கை கல்லுப்பும் வரமிளகாயும் எடுத்து வண்டியை மூன்று சுற்றுச் சுற்றுவாள். கண்ணேறு கழிக்கிறாளாம். நான் குட்டிக்கரணம் போட்ட வருடத்திலிருந்து ஒரு அமாவாசை விட்டதில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. "எனக்குச் சுத்திப் போட்டத விட வண்டிக்குச் சுத்திப் போட்டதுதான் ஜாஸ்தி" என்று கேலி செய்வேன். சுற்றிய உப்பை ஓடையில் போடுகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் வண்டிக்குள்ளேயே போட்டிருக்கிறாள்.

எங்கள் கம்பெனியில் ஒரு சோதனை உண்டு. பெயின்ட் அடித்த தகட்டை ஒரு பெட்டிக்குள் வைத்து வாரக்கணக்கில் உப்புத் தண்ணீரைத் தூற வைப்போம். எந்தப் பெயின்ட் எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பதற்கு. அந்தப் பெட்டிக்கு நான்தான் பொறுப்பு. அதே வேலை பன்னிரண்டு வருடமாக என் கொல்லைப்புறத்தில் நடந்திருக்கிறது. நான் ஓரத்தில் நின்று கேலி செய்திருக்கிறேன்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்த இடமும் நெளிந்தது.

"செய்ய முடியுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சைக்காரன் குரலாகக் கேட்டது.

கன்னியப்பன் வண்டிக்கு அடியில் படுத்து, சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து தொடையில் கையைத் துடைத்தான்.

"சேசிஸ் தடி இரும்பு சார், இன்னும் உசுரு கீது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வண்டிச் சாமான் பாதி இதுக்கு ஒக்காரும், புதுப்பேட்டைல தேடலாம். ஃப்ளோரு, சைடு பெட்டி, கதவு அடி, எல்லாம் புச்சா அடிக்கணும். ஒரு வருசம் மேல ஆவும். செய்லாம் சார். ஆனா நீ முடிவு பண்ணு. நான் போய் டீ குட்ச்சிட்டு வரேன்."

அவன் வெளியே போனபோதுதான் வாசலில் செல்லக்கனி நிற்பதைப் பார்த்தேன். எப்போதிலிருந்து நின்றாளோ. கழற்றிப் போட்ட மிதியடியையும் உப்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபத்தைவிடப் பரிதாபம்தான் முதலில் வந்தது. பாவம், வண்டிக்கு நல்லது செய்வதாக நினைத்து இப்படிச் செய்துவிட்டாள்.

"ஏட்டி கிறுக்கி," என்றேன், கூடிய மட்டும் மெதுவாக. "கண்ணேறு கழிக்கது சரி. அத வண்டிக்குள்ளயா போடுவ? உப்பு இரும்பத் தின்னும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?" என்றேன்.

"எங்கப்பா உப்பளத்துல வேல பாத்தவரு. அவரு சைக்கிளு ரெண்டு வருசம் தாங்காது அத்தான். ஜன்னக் கம்பி, தகரக் கதவு, தண்ணி இறைக்க எஞ்சின், எல்லாத்தயும் அது தின்னுததப் பாத்துட்டுத்தான வளந்தேன். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" உப்பைக் காலால் தள்ளினாள். "வெறும் உப்பு போட்டா ரொம்ப நாளாகும். ஈரம் வேணும். அதான் கரைச்சும் ஊத்துனேன். கதவுக்கு அடியில ஓட்டை இருக்குல்லா, அது வழியா."

இவளோடு எத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். சோற்றில் ஒரு கல் உப்பு கூடினால் "இன்னைக்குக் கொஞ்சம் தூக்கல், பாத்துச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பரிமாறுகிறவள்.

"என்னட்டி சொல்லுத? வேணும்னேவா?"

"ஆமா."

"வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கதுக்கு என்ன?"

"சொன்னேனே. வித்துருங்கன்னு சொன்னேன். கால் கட்டோட நீங்க தகடு தட்டிக்கிட்டு இருக்கும்போது சொன்னேன். ஸ்பானர எடுன்னீங்க. எடுத்துக் குடுத்தேன்."

"அப்ப தீ வச்சிருக்கலாம்லா? ஒரேயடியாத் தீந்திருக்கும்லா?" நான் கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "தீ வச்சா நீங்க அழுவீங்க. அழுது முடிச்சிட்டு இன்னொரு வண்டி வாங்குவீங்க. துரு பிடிச்சா அப்படி இல்ல. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்னு தள்ளிப் போடுவீங்க. தள்ளிப் போட்டீங்களா இல்லயா? உங்கள எனக்குத் தெரியாதா?"

காசு இல்லாத வருடம், டயர் கிடைக்காத வருடம், எல்லாம் நான் எடுத்த முடிவுகள் என்று நினைத்திருந்தேன்.

"அவ்வளவு வெறுப்பா இந்த வண்டி மேல?"

"வண்டி மேல எனக்கு என்ன வெறுப்பு? அது பாட்டுக்கு நிக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "நர்ஸ்ட்ட கேட்டேன், நர்ஸ்ட்ட கேட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுதீங்களே. எந்த நர்ஸு?"

"எந்த நர்ஸுன்னா? ஆஸ்பத்திரி நர்ஸு."

"நீங்க கண்ணு முழிச்சது ஆஸ்பத்திரியில இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போற வேன்ல. பூந்தமல்லி தாண்டிப் போய்க்கிட்டு இருக்கோம். மாரிசெல்வி பால்குடி மறக்காத பிள்ள, அவளப் பக்கத்து வீட்ல போட்டுட்டு ஓடி வந்திருக்கேன். உங்க தல என் மடியில இருந்துது. என் சேல பூரா உங்க ரத்தம். கண்ணத் தொறந்து என் மூஞ்சியப் பாத்தீங்க. நல்லாப் பாத்தீங்க. பாத்துட்டுத்தான் கேட்டீங்க, வண்டி எப்படி இருக்குன்னு."

நான் அந்த நர்ஸின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு கூரை ஞாபகம் இருந்தது. ஒரு பெண் குனிந்து பார்த்தது ஞாபகம் இருந்தது. முகம் இல்லை. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் இந்தக் கதையை. ஒருவர்கூட அந்த நர்ஸ் எப்படி இருந்தாள் என்று கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. நான் சொல்லச் சொல்ல இவள் காபி டம்ளர் பொறுக்கியிருக்கிறாள்.

"அப்ப நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னேன். அதக் கேட்ட பெறகுதான் கண்ண மூடுனீங்க."

கொட்டகைக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அந்த வண்டி என் உயிர். அதை ஒருத்தி பிடி பிடியாகக் கொன்றிருக்கிறாள், அவளே என் முன்னால் நின்று சொல்லுகிறாள். அதே நேரத்தில், கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும் ஞாபகத்துக்கு வந்தது.

கன்னியப்பன் திரும்பி வந்தான். கையில் பாலிதீன் பையில் பார்சல் டீ. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"இன்னா சார், வண்டி எப்டி? செய்லாமா, வேணாமா?"

நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

"கனி," என்றேன். "நீ எப்படி இருக்க?"

எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து நான் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"காலு வலிக்கி," என்றாள். "காலைலருந்து நின்னுக்கிட்டே இருக்கேன்."

கன்னியப்பன் பெயர்த்துப் போட்ட சீட்டு ஒன்று சுவரோரம் கிடந்தது. அதை நிமிர்த்தி, தூசி தட்டி, நிழலில் போட்டேன். அவள் ஒரு நிமிடம் அதையே பார்த்தாள், பிறகு உட்கார்ந்து காலை நீட்டினாள். அந்த வண்டியில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

கன்னியப்பன் தொண்டையைச் செருமினான்.

"எடைக்குப் போட்டுரு கன்னியப்பா," என்றேன்.

அவன் பெருமூச்சு விட்டான். "சரி சார். அந்த சீட்டயும் சேத்துப் போட்றவா?"

"அது கெடக்கட்டும்," என்றேன். "அவ உக்காந்திருக்கா."