பிறந்த வீட்டுக் கோடி

குளிப்பாட்டிக் கிடத்திய அம்மாவின் தலையை ஷாமிளா துவட்டிக்கொண்டிருந்தாள். அத்தை விஜயகலா குனிந்து காதோரம் கேட்டாள்.

"பொறந்த வீட்டுக் கோடி யாரும்மா போடுறது?"

ஷாமிளாவின் கை நின்றது. பெண் இறந்தால் பிறந்த வீட்டார் கொண்டுவரும் புடவையைப் போர்த்திய பிறகுதான் பாடையில் ஏற்றுவார்கள். அம்மா கருப்பாயி கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த மறு வருஷமே அவள் வீட்டார் எல்லோரும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் அதுவுமில்லை.

"நானே போட்டுர்றேன்," என்றார் வாசலில் இருந்த அப்பா ஏழுமலை.

"நீங்க போட்டா அது பொறந்த வீடாண்ணே? அண்ணிய யாருமத்தவ மாதிரி அனுப்பவா?"

அப்பா வெளியே பார்த்தார். ரப்பர் மரங்களுக்குள் பனி புகுந்திருந்தது. சாவுக்கு அடிக்கும் தப்பு மேளத்தின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்டது.

போன மாதம் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து லீவில் வந்தபோது, வகுப்பில் படித்ததை அம்மாவிடம் கதையாகச் சொன்னாள் ஷாமிளா. நம் பால்வீதி சின்னச் சின்ன நட்சத்திரக் கூட்டங்களை விழுங்கியிருக்கிறது. விழுங்கப்பட்டவை நம்முடையவற்றோடு கலந்துதான் சுற்றுகின்றன. ஆனால் அவற்றின் ஒளியைக் கண்ணாடியால் பிரித்துப் பார்த்தால் இரும்பும் மக்னீசியமும் பேரியமும் வேறு அளவில் இருக்கும். பிறந்த இடத்து அளவு.

"இம்புட்டு காலம் இங்கயே சுத்தியும் மாறலியா?"

"மாறாதும்மா. பொறக்கும்போதே சேர்ந்தது."

விரலில் காய்ந்திருந்த ரப்பர் பாலை உரித்தபடி அம்மா சிரித்தாள். "அப்ப என்னையும் ஒரு நாளைக்கு அந்தக் கண்ணாடியில வச்சுப் பாரு."

வாசலில் யாரோ குடை மடக்கினார்கள். யட்டியாந்தோட்டை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெஸீமா. முக்காடெல்லாம் தூறல். கையில் ஒரு பார்சல்.

"கோடி நான் போடவா?" என்றாள்.

அத்தை நிமிர்ந்தாள். "நீங்க எப்புடிங்க..."

"கொடகவெலயில அவட லயமும் என்ட வாப்பாட கடையும் பக்கத்துப் பக்கம். பத்து வயசாகும் மட்டும் எங்கட குசினி அடுப்படியிலதான் கெடந்தா. நான் அவளுக்கு ரெண்டு வயசு மூப்பு." ஜெஸீமா கிடத்தியிருந்தவளைப் பார்த்தாள். "தேங்காச் சம்பலுக்குச் சீனி போடுவா தானே? அது என்ட உம்மாட கை."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்த லயத்து வரிசை வீடுகளில் வேறு எவளும் சம்பலுக்குச் சீனி போடுவதில்லை.

"பாயாசம்னு கேலி பண்ணுவோம்," என்றாள் அத்தை, மெதுவாக. "ஒரு நாளும் நிறுத்தல."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா மகளைப் பார்த்தார்.

"போடுங்க பெரியம்மா," என்றாள் ஷாமிளா.

பார்சலைப் பிரிக்க ஜெஸீமாவுக்கு வெகுநேரமானது. கத்தரிப்பூ நிறப் புடவையை எடுத்துப் போர்த்தினாள். கால்மாட்டில் விழுந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். இன்னொரு தடவையும் நீவினாள். அப்புறம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றாள்.

அத்தை பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.