குறுக்கே வைத்த கைகள்

விடியும் முன்பே குவாரியில் தூசி எழுந்துவிடும். பள்ளத்தின் அடியில் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் பாறைக்குச் சங்கிலி கட்டுவார்கள். மேலே பாறையைத் தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவர் மேட்டுத் தெருக்காரர். இரண்டு தெருவும் வெட்டிக்கொண்டு, வீடுகளுக்குத் தீ வைத்துக்கொண்டு மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து பேச்சில்லை, கையசைவுதான். உள்ளங்கை உயர்ந்தால் தூக்கு. இரு கைகளும் தலைக்கு மேல் குறுக்கே நின்றால் நிறுத்து.

அதன் பிறகு அமைத்த சமாதானக் குழுவின் தலைவர் குவாரி முதலாளிதான். ஒரு தெரு மற்றத் தெருவின் மேல் புகார் கொடுக்கக் கூடாது என்று எழுதிய பத்திரம் அவர் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

போன செவ்வாய்க்கிழமை வின்ச்சின் கம்பிக் கயிறு அறுந்தது. பாறை விழுந்து, சங்கிலி கட்டுகிறவருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வின்ச்காரரின் கவனக்குறைவு, புகார் கொடுத்தால் மேட்டுத் தெரு சும்மா இருக்காது என்று முதலாளி ஆற்றங்கரையில் சொன்னார். மேட்டில் அதையே திருப்பி, சங்கிலி கட்டியவரின் கவனக்குறைவு, ஆற்றங்கரை சும்மா இருக்காது என்றார். பழைய தீயின் கரி இன்னும் சுவர்களில் இருந்தது. யாருக்கும் தெம்பில்லை, வாயை மூடிக்கொண்டார்கள். அறுந்த முனையை வெட்டிப் போட்டுவிட்டு, அதே கயிற்றை மறுபடி மாட்டி வேலை நடந்தது.

வின்ச்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கயிறு நைந்துவிட்டதென்று முதலாளியிடம் மூன்று முறை சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், அறுந்த முனையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரைத் தெருவுக்குள் நடந்தார். கதவுகள் திறந்தன. யாரும் கல்லெறியவில்லை, கடவுள் கருணை அவ்வளவு இருந்தது.

காலிழந்து கட்டிலில் கிடந்தவர் அவரைப் பார்த்து, "வழி தெரிஞ்சுதா அண்ணே?" என்றார்.

"தெரு இடம் மாறிடலையேப்பா."

துணியைப் பிரித்துக் காட்டினார். இருவரும் சேர்ந்து முதலாளி மேல் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம் என்றார். தன் மேல் வழக்கு வந்தால் வரட்டும்.

கதவருகே நின்ற, காலிழந்தவரின் மனைவி கேட்டாள். "மறுபடி தெரு எரிஞ்சா?"

வின்ச்காரர் கயிற்று முனையை மறுபடி துணியில் சுற்றினார். "பொத்திப் பொத்தி வெச்சாலும் எரியும்மா. நாளைக்கு இன்னொரு காலு போகும். அப்பவும் நம்மளையே மோத விடுவாங்க."

அவள் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அன்று மாலைக்குள் புகார்த் தாளில் இரண்டு தெருக் கையெழுத்தும் விழுந்தது.

திங்கட்கிழமை விடியலில் வின்ச் ஓடவில்லை. மேட்டுத் தெருக்காரர்கள் பள்ளத்துக்குள் இறங்கி மற்றவர்களோடு நின்றார்கள்.

"சமாதானத்தைக் கெடுக்கறியா?" என்றார் முதலாளி.

"இத்தனை நாள் நீங்க அதைச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருந்தீங்க முதலாளி," என்றார் வின்ச்காரர். "இனிமே எங்க கையிலயே இருக்கட்டும். புதுக் கயிறு வரட்டும், காலு போனவனுக்கு வழி சொல்லுங்க. ஓட்டறேன்."

வேறு ஆள் வைத்து ஓட்டுவதாக முதலாளி கத்தினார். சங்கிலியைக் கட்டச் சொன்னார். பள்ளத்தில் காலிழந்தவரின் தம்பி இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தான். பிறகு பக்கத்திலிருந்தவர். பிறகு எல்லோரும்.

முதலாளி யாரையோ போனில் அழைத்தார். வெயில் ஏறியது. கைகள் மரத்துப்போயின. ஆற்றங்கரைப் பெரியவர் ஒருவரின் கை சோர்ந்து தாழ்ந்தபோது, அருகில் நின்ற மேட்டுத் தெருக்காரர் தன் ஒரு கையை இறக்கி அவருடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.