கீழ்வளவில் எழுந்த புகை

பெருமாயிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். நாலு வருஷமாக அந்தக் காது சிவந்தேதான் கிடந்தது.

இருக்காதா பின்னே? கொல்லிமலையில், குண்டூர் நாடு என்ற பகுதியில், ஆற்றோரப் பள்ளத்தில் இருபது கூரை வீடுகள். கீழ்வளவு என்று பெயர். அந்த ஊர்ச் செங்கோடனுக்கு அவளைப் பேசி முடித்து வெற்றிலை மாற்றினார்கள். அடுத்த வாரமே சர்க்கார் ஆட்கள் சங்கிலியும் சிவப்புக் கொடியுமாக மலையேறி வந்து, ஆற்றின் குறுக்கே அணை கட்டப் போகிறோம், பள்ளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேட்டிலிருந்த மேல்வளவு என்ற ஊர்க்காரரான அவள் அப்பன் குப்புசாமி, முழுகப் போகிற வீட்டுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான். அணையும் வந்தபாடில்லை, கல்யாணமும் நடந்தபாடில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் யாராவது அளக்க வருவார்கள், போவார்கள்.

செங்கோடனைக் கேட்டால், மாமன் மனசு மாறட்டும் என்பான். நல்லவன்தான். மழை இருட்டிக்கொண்டு வரும்போதுகூட அவசரப்படாமல் கதிர் அறுக்கிற நல்லவன். அந்த நல்லதனத்தைத் தூக்கி ஆற்றில் போட்டால் என்ன என்று அவளுக்கு எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் தை மாதம் அருணாசலம் என்ற ஓவர்சியர் அணைக்கு அளக்க வந்து மேல்வளவில் கூடாரம் போட்டார். கூடாரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவது பெருமாயியின் வேலை. ஒரு நாள் குடத்தை இறக்கும்போது அவர் தன் ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது. மூன்று தரம் போய்ப் பார்த்தாயிற்று, பள்ளத்தில் ஆளே இல்லை, வெறும் மாட்டுக்கொட்டாய்கள்தான். நாளைக்குக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டு, குடியிருப்பு இல்லை என்று எழுதி அனுப்பினால் அணைக்கு உத்தரவு வந்துவிடும். குடியிருப்பு இருந்தால்தான் வேறு பள்ளம் தேடச் சொல்வார்கள்.

பெருமாயிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆள் இல்லாமல் எங்கே போனார்கள்? எல்லாம் காட்டுக்குள்தான். காக்கிச் சட்டையைக் கண்டாலே கீழ்வளவுக்கு வரி ஞாபகம் வந்துவிடும். ஊர்க்கவுண்டர் சின்னக்கண்ணு ஒரு சீழ்க்கை அடித்தால் போதும், அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு, சட்டிபானை, ஆடுமாடு, பிள்ளைகுட்டியோடு மொத்த ஊரும் சோலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஆளைப் பார்த்தால்தானே வரி கேட்பான்? பாட்டன் காலத்துச் சாமர்த்தியம். அதுவே இப்போது ஊரை மூழ்கடிக்கப் போகிறது.

அவள் ஓவர்சியரிடம் விஷயத்தைச் சொன்னாள். மூன்று தரம் என் கண்ணால் பார்த்தேன், நீ போய் வேலையைப் பார் என்றார். கீழ்வளவுக்கு ஓடினாள். பொட்டச்சிக்குச் சர்க்கார் கணக்கு என்ன தெரியும் என்று சின்னக்கண்ணு சிரித்தார். செங்கோடன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தான்.

"நாளைக்கு நீயாச்சும் ஊட்டுல இரு செங்கோடா," என்றாள்.

"ஊரே போறப்ப நா மட்டும் எப்புடி இருக்கறது? கவுண்டரு என்ன நெனப்பாரு?"

அவள் திரும்பி மேட்டைப் பார்க்க நடந்தாள். வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

மறுநாள் காலை கீழ்வளவு வெறிச்சென்று கிடந்தது. பெருமாயி ஒரு சட்டியில் நெருப்பும் மடியில் கேழ்வரகு மாவுமாக வந்து, நேரே செங்கோடன் வீட்டுக்குள் நுழைந்தாள். அந்த வளவுகளில் கல்யாணமாகாத பெண் அடுத்த வீட்டு அடுப்பைத் தொடமாட்டாள். மூட்டிவிட்டால் அப்பன் வீட்டு வாசல் அதோடு சரி. அடுப்புக்காரன் ஏற்றுக்கொண்டால் அவன் பெண்டாட்டி. ஏற்றுக்கொள்ளாவிட்டால் இரண்டு வளவிலும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்து ஊதினாள். ஈர விறகு, சனியன், பிடிக்கவே மாட்டேன் என்றது. கண்ணெல்லாம் எரிந்த பிறகு ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. கூரைக்கு மேலே புகை எழுந்தது.

புகையைப் பார்த்துவிட்டு அருணாசலம் நேரே அங்கே வந்தார்.

"எங்க ஊடுங்க," என்றாள் பெருமாயி. "இருவது ஊட்டுலயும் ஆளிருக்காங்க. பயந்துட்டுச் சோலைக்குள்ள நிக்கறாங்க."

அவருக்கும் எரிச்சல். நேற்றுவரை மேல்வளவில் தண்ணீர் ஊற்றிய பெண்ணுக்கு இன்றைக்கு இங்கே எப்படி வீடு வந்தது? வீட்டுக்காரன் என் முன்னால் வந்து நிற்கட்டும், எழுதுகிறேன், இல்லாவிட்டால் என் நேரத்தைக் கெடுக்காதே என்றார்.

பெருமாயி வாசலுக்கு வந்தாள். இதுநாள்வரை பேர் சொல்லியே கூப்பிட்டவள் சோலையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

ஒரு இலை அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். மரத்துக்குப் பின்னால் நின்று கவுண்டரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டிருப்பான், வேறென்ன செய்வான். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை முட்டியது. ஓவர்சியர் நோட்டை மூடிவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் செங்கோடன் வந்தான். ஓடி வந்தான். அவன் ஓடி அவள் பார்த்ததே இல்லை. பின்னாலிருந்து சின்னக்கண்ணு திட்டுவது கேட்டது. நடுவில் ஒரு தரம் விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு ஓவர்சியருக்கு முன்னால் போய் மறித்து நின்றான்.

"உன் வீடா?"

"ஆமாங்க."

"இந்தப் பெண் யார்?"

செங்கோடன் அவளைப் பார்த்தான். புகையைப் பார்த்தான். இந்த இடத்திலும் அவனுக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது, கடவுளே.

"ஊட்டுக்காரிங்க," என்றான். "நாலு வருசமாவே."

ஓவர்சியர் நோட்டைத் திறந்து எழுதினார். ஒரு வீடு, இரண்டு பேர். அதைப் பார்த்ததும் சோலையில் சலசலப்பு. பள்ளம் முழுக்கச் செங்கோடன் பேருக்கே எழுதிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் முதலில் இறங்கி வந்தவர் சின்னக்கண்ணுதான். பொழுது உச்சிக்கு வருவதற்குள் இருபது வீடும் நோட்டில் ஏறிவிட்டன. மேலே அனுப்புகிறேன், அவர்கள் என்ன முடிவு செய்வார்களோ எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஓவர்சியர் போனார்.

செங்கோடன் அடுப்படியில் வந்து நின்றான். முகத்தில் மறுபடியும் பழைய யோசனை.

"இத்தனைக்கப்புறமும் தண்ணி வந்துட்டா என்ன பண்றது, பெருமாயி?"

அவள் களியை உருட்டித் தட்டில் வைத்தாள்.

"வந்தா ரெண்டு பேருமா மேட்டுக்கு ஏறிப் போவம்," என்றாள். "இப்ப உக்காந்து தின்னுங்க."